நான் ‘காணும்’ என்றேன், அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்

இரண்டு வருடங்களுக்கு முன், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வலது கை இயந்திரத்தில் நசுங்கி, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், வீட்டில் இருக்க வேண்டி வந்தது. ஊர்ச் சங்கத்திலிருந்து உதவி கேட்டு யாராவது வந்தால் பின்கதவால் மறைகிற ஆள் நான். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவிதான், கண் தெரியாதவர்களுக்கு வீடியோவில் பார்த்துச் சொல்லும் ஒரு செயலியைப் போனில் போட்டுத் தந்தாள்.

“சதம் செலவில்லை. உங்களுக்கெண்டே செய்தது போல கிடக்கு” என்று சிரித்தாள்.

மொழி என்ற இடத்தில் டேனிஷும் தமிழும் கொடுத்தேன். முதல் கிழமை ஒரு டேனிஷ்காரருக்குக் காலுறையின் நிறம் சொன்னேன். அதற்கே எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிறகு ஒரு மத்தியானம் தமிழ் அழைப்பு வந்தது. டிவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக்கூடக் குறைக்காமல் எடுத்தேன். தமிழ்நாட்டுப் பெண் ஒருவர். மடியில் ஒரு வயதுக் குழந்தை சிணுங்கியது.

“சார், பாப்பாவுக்குக் காய்ச்சல். இந்த மூடியில ரெண்டரைன்னு ஒரு கோடு இருக்கும். மருந்து அதுவரைக்கும் வந்ததும் சொல்றீங்களா?”

“ஓம், ஊத்துங்கோ.”

ஊற்றினார். மருந்து கோட்டைத் தொட்டது. “காணும்” என்றேன். அவர் நிறுத்தவில்லை. “காணும், காணும்!” என்று கத்தினேன்.

“இன்னும் காணோமா சார்?” என்று கேட்டபடி மேலும் ஊற்றினார்.

மூடி நிறைந்து அவர் விரலில் வழிந்தது. “நெறைஞ்சிடுச்சு போல” என்று அவரே போத்தலை வைத்துவிட்டுக் குழந்தையின் வாயருகே மூடியைக் கொண்டுபோனார். நாலு மடங்கு மருந்து. “ஐயோ, குடுக்காதேங்கோ! குடுக்காதேங்கோ!” என்று அலறினேன். அவர் கை அப்படியே நின்றது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள். “இஞ்சேருங்கோ, அவ இந்தியா ஆள். ‘போதும்’ எண்டு சொல்லுங்கோ!”

‘போதும்’ எனக்குத் தெரியாத சொல்லா? அவசரத்தில் வாயில் வருவது வீட்டில் பழகிய சொல்தான். இலங்கைத் தமிழரான எங்களுக்குக் ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று அர்த்தம். அவர் காதில் அது ‘காணோம்’ என்று விழுந்திருக்கிறது. மருந்து இன்னும் கோட்டுக்கு வரவில்லை என்று நினைத்துவிட்டார்.

விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மூடியிலிருந்ததைக் கீழே கொட்டினார். பிறகு, “பரவால்ல சார், திரும்ப ஊத்துறேன். நீங்க போதும்னே சொல்லுங்க” என்றார். டிவியை நிறுத்திவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்தேன். “போதும்” என்றதும் நிறுத்தினார். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தது.

“தேங்க்ஸ் சார்” என்று வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்றும் அழைப்புகளை எடுக்கிறேன். தமிழ் என்றால் முதலில் எந்த ஊர் என்று கேட்டுவிடுகிறேன். செலவில்லாத உதவிதானே என்று நான் அலட்சியமாகச் சாய்ந்திருந்த அந்த இரண்டு நிமிடமும், ஒரு தாய் தன் பிள்ளையின் உயிரை என் வாய்ச்சொல்லை நம்பி ஒப்படைத்திருந்தார் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.