அம்மா பூக்கட்டிக் கேட்டது

1. அப்பாவின் இருமல் இரண்டு மாதமாக நிற்கவில்லை. தென்காசியில் எக்ஸ்ரே எடுத்தோம்.
2. திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டி தெரிந்தது.
3. ஊசி வழியாகக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.
4. முடிவு வருமுன் குற்றாலம் போய்ப் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா.

எனக்கு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. எது வந்தால் என்ன பொருள் என்பதைச் சோதனைக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடமும் கேட்டேன்.

“வெள்ளை வந்தா நல்லது. செவப்பு வந்தா இல்ல. அவ்வளவுதான்ட்டி.”

கேள்வி என்னவென்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

புறப்படும்போது அப்பா, “ஆத்தாளும் மவளும் அருவியில குளிக்கப் போதியளோ? வரும்போது நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

குற்றாலத்தில் சாரல். கோயிலுக்குள் ஈரத் தலையோடு கூட்டம். நந்தியாவட்டையை ஒரு தாளிலும் சிவப்பு அரளியை இன்னொரு தாளிலும் மடித்து, அடையாளம் தெரியாமல் நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள் அம்மா. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். அம்மா கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பிறகு, “நீயே எடுட்டி” என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு பொட்டலத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். மற்றதை எடுத்துப் பிரித்தேன். நந்தியாவட்டை.

“அம்மா, வெள்ளை! அப்பாவுக்கு ஒண்ணும் இருக்காதும்மா!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில்தான் சொன்னாள். “ஏட்டி, நான் நோய் இருக்கா இல்லையான்னு கேக்கல.”

“பின்னே?”

“அது இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. ராத்திரி பக்கத்துல படுக்குதவ நான்தானே. ரொம்ப வேதனப்படுத்தாம கூட்டிட்டுப் போவியான்னு கேட்டேன். சரின்னுட்டா.”

பேருந்து வந்தது. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, என்றைக்கும்போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் மருத்துவமனையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. அப்பாதான் காலையிலும் மாலையிலும் கேட்கிறார், “போன் வந்துச்சாம்மா?” என்று. இல்லை என்கிறேன். இதுவரை அது உண்மைதான்.