வாழவந்திக்கு அப்பால் என் தம்பி

ஏற்காடு பஜாரில் நான் முதன்முதலாகக் கேட்ட பொருள் பாண். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பானைங்களா? அதெல்லாம் சந்தையிலதானுங்க கெடைக்கும்" என்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியிலேயே பாண் இருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன். "அட, பிரெட்டுங்களா!" என்று சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். எந்த ஊர் என்றார். ஹட்டன் என்றேன். "ஆத்தூருங்களா? எங்க மச்சான் ஊடு அங்கதானுங்க." நான் திருத்தவில்லை. இந்தியாவுக்கே உரியவர்கள் என்று சொல்லித்தான் இலங்கையிலிருந்து எங்களைக் கப்பலேற்றினார்கள். வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் பெயர் சிலோன்காரர்கள். அங்கே மலையகத்தில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல வந்து நீலகிரி, கொடைக்கானல் என்று சிதறிப்போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கும் என் கணவருக்கும் வேலை கிடைத்தது. அங்கே தேயிலைக் கொழுந்து, இங்கே காப்பிப் பழம். அங்கே முதுகில் கூடை, இங்கே இடுப்பில் சாக்கு. அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. ஆனால் பனிக்காலக் காலையில் வரிசை வீடுகளான லயத்தின் புகை கசியும் கூரையைப் பார்த்தால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியாது. ஒரே ஒரு குறைதான். எங்களுக்குப் பின்னால் அடுத்த கப்பலில் வந்த என் தம்பி செல்வமும் அவன் மனைவி ராஜியும் எங்கே என்று தெரியவில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கு வந்த ஒரு மேஸ்திரி, அக்கா இருக்கிற மலையிலேயே வேலை தருகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனதாக மட்டும் கேள்விப்பட்டோம்.

செய்தி கொண்டுவந்தவர் ஆரோக்கியம் அக்கா. எனக்கு அடுத்த வரிசையில் பழம் பறிப்பவர். மகளைக் கட்டிக்கொடுத்த வாழவந்திக்குப் போய்த் திரும்பியவர், பழம் பறிக்கும் நிரையிலேயே என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"பாக்கியம், அங்கத்த கடையில ஒரு ஆளு அரிசி வாங்கினான். உன்ற பேச்சு மாதிரியேதான் பேசறான். எந்த ஊருன்னு கேட்டேன். கூட நின்னவன் பதில் சொல்ல வுடல சாமி. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தக் கடையில் விசாரித்துக்கொண்டு போனோம். வாழவந்தி தாண்டி, ஜீப் போகும் மண்பாதையின் முடிவில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழியில் உட்கார்ந்திருந்தவன், "ஏனுங்க, ஆரப் பாக்கோணும்?" என்று மறித்தான். நான் செல்வத்தின் அக்கா என்றதும் அவனை வரச்சொல்லி, பத்தடி தள்ளி நின்றுகொண்டு பேசவிட்டான். செல்வத்தின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தார்ப்பாய்க் குடிசைக்குள் ராஜி நிறைமாத வயிற்றோடு காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. வரும்போது வாங்கிய முன்பணம் தீரும்வரை யாரும் கீழே இறங்கக்கூடாதாம். ஒருவர் காவலோடு கடைக்குப் போனால் மற்றவர் இங்கேயே இருக்க வேண்டுமாம்.

"வாடா, இப்பவே போவோம்" என்றேன்.

"எங்க அக்கா போறது?" என்றான். "யாரும் கட்டிப் போடல. ஆனா போக முடியாது."

ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்குவதைச் சட்டம் தடுத்த பிறகு, உலகத்தின் எத்தனையோ தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய பண்ணையாட்கள் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் இருந்தார்கள். அவர்களோடு பஞ்சத்தில் அடிபட்டவர்களும் முன்பணக் கடன் கொடுத்துக் கூட்டிப்போன கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். சங்கிலி இல்லை, அதனால் அடிமை என்ற பெயரும் இல்லை. ஹட்டனில் இதைக் கதையாகக் கேட்டிருக்கிறேன். அன்று தம்பியின் முகத்தில் நேரிலேயே பார்த்தேன்.

மறுநாள் தாலுகா ஆபீசில் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "சங்கிலி போட்டு வெச்சிருக்காங்களாம்மா? அடிக்கறாங்களா?" இல்லை என்றேன். "அப்பறம் எப்பிடிம்மா அடிமைன்னு சொல்றது? அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோட போச்சே." ஆரோக்கியம் அக்கா முன்னே வந்தார்.

"ஏனுங்க சார், புள்ளத்தாச்சி காச்சல்ல கெடக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னா இன்னொருத்தன் வுடோணுமாம். அதுக்குப் பேரு என்னங்க சார்? நீங்களே சொல்லுங்க."

அதிகாரி எழுந்து ஜீப்பை எடுக்கச் சொன்னார். கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்திருந்த காலம் அது. ஏட்டில் இருந்த அந்தச் சட்டம் அன்று மாலை எங்களோடு மண்பாதையில் ஏறியது. தம்பியோடு இன்னும் மூன்று குடும்பங்கள் இறங்கி வந்தன. நான்காம் நாள் ராஜிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

விடுதலை அத்தோடு முடியவில்லை. செல்வம் எங்கள் லயத்தில் தங்கி, அதே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் தீப்பெட்டி வாங்கப் போவதானாலும் என் கணவர் முன்னால் வந்து நிற்பான். "அத்தான், போயிட்டு வரட்டுமா?" அவர் "போப்பா" என்று சொன்னால்தான் கால் எடுத்து வைப்பான். வெள்ளாவி வைத்தாலும் போகாத கறைபோல அது அவனிடம் இருந்தது. இந்தப் பழக்கம் அவனோடு தொடங்கியதல்ல. ஹட்டனில் எங்கள் அப்பாவும் தோட்டத் துரை வீட்டு வாசலில் அப்படித்தான் நிற்பார்.

ஒருநாள் காலையிலிருந்து அவனைக் காணவில்லை. ராஜி அழத் தொடங்கிவிட்டாள். அந்த மேஸ்திரியின் ஆட்கள்தான் வந்துவிட்டார்களோ என்று நானும் நடுங்கினேன். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கேடா போனாய் என்றேன்.

"ஏரிக்கரையில உக்காந்திருந்தேன் அக்கா."

"யார்ட்ட சொல்லிட்டுப் போன?"

"யார்ட்டயும் சொல்லல" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ராஜியும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அடுத்த வாரம் எல்லாரும் மலைவிளிம்புக்குப் போனோம். கீழே சேலம் வெயிலில் மினுங்கியது. "நம்ம பாட்டன் பூட்டன் கிளம்பின ஊரு அங்கதான் எங்கயோ இருக்கும்" என்று செல்வம் கை நீட்டினான். எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ராஜியும் அதே திசையைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண் சேலத்தில் நிற்கவில்லை. சமவெளியைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத கடலையும் தாண்டி, அவள் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிற மலையைத் தேடியது. அவள் தோளில் சாய்ந்திருந்த குழந்தைதான் எங்களுக்குப் பின்னால் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே காற்றில் காப்பிச் செடிகள் அசைந்தன.