பச்சை முடியும் இடம்

பாத்திரம் கழுவிய தண்ணீரை அக்காதான் கொண்டுபோய் ஊற்றுவாள். கைக்கு ஒரு வாளி. பின்வாசலில் இறங்கி, மணலில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும் இடத்தையெல்லாம் தாண்டி, கொடி எங்கே முடிகிறதோ அங்கே போய் நின்று, சொட்டு மிச்சம் வைக்காமல் கவிழ்ப்பாள்.

அன்று இரண்டாவது வாளியைக் கவிழ்க்கும்போது தம்பி வந்து நின்றார். தோளில் அளவு நாடா, கையில் முளைக்குச்சிக் கட்டு.

"அதுக்குள்ளயா? பத்து மணின்னுதானே கடுதாசில போட்டிருந்தது?"

"வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு பாத்தேன்."

"கூடப்பிறந்தவ வீட்டுக்கு முன்வாசல் வழியா வரணும். இப்படிப் பூனை மாதிரி பின்னாடி வரக் கூடாது." வாளிகளோடு உள்ளே போய்விட்டாள்.

கரையோர நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கரையில் தானாக முளைத்த பச்சை எங்கே முடிகிறதோ, அங்கிருந்து வீட்டுப் பக்கமாக இருபது மீட்டர் அளந்து முளை அடிக்க வேண்டும். முளைக்குக் கடல் பக்கமாக யாரும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. ஆளும் ஒல்லி என்பதால் தெருவில் அவருக்கு முளைக்குச்சி என்றே பேர். சொந்த மாமனாரின் படகுக் கொட்டகையை ஒன்றரை அடி பின்னால் தள்ள வைத்தவர். அதன்பிறகு ஒரு வருடம் அவர் மனைவி பிறந்த வீட்டுக்குத் தனியாகத்தான் போய்வந்தாள்.

முரட்டு மனுஷன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புயலுக்கு மறுநாள் கரையைப் பார்க்கப் போனார். ஒருவர் செடியை வழித்தெடுத்துவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை சுவர் கட்டியிருந்தார். சுவர் அப்படியே நின்றது. அதன் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களின் மணலைத்தான் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு வீட்டின் சமையலறை பாதி அந்தரத்தில் தொங்க, அடுப்பு மட்டும் அசையாமல் இருந்தது. அன்றிலிருந்து நாடாவைத் தளர்த்திப் பிடிக்க அவருக்குக் கை வரவில்லை.

அக்காவின் மனு வந்தபோது, வேறு ஆளை அனுப்பச் சொல்லித்தான் கேட்டார். "உங்க அக்கா வீடா? அப்போ நீங்கதான் சரி. வேற யாராவது போனா இரக்கப்பட்டுடுவாங்க" என்று சிரித்தார் அதிகாரி.

அக்கா கேட்டிருந்தது பின்பக்கம் ஓர் அறை. நாலு மீட்டர் அகலம். அக்கா புருஷன், மாமாவுக்கு, இரண்டு முழங்காலும் போய் மூன்று வருடம். மாடிக்கு ஏற முடியாமல் கூடத்துச் சோபாவில் கால் நீட்ட இடமில்லாமல் தூங்குகிறார்.

பின்சுவரிலிருந்து பச்சை முடியும் இடம் வரை அளந்தார். இருபத்து நாலு. அறைக்குக் கச்சிதமாக இடம் இருந்தது. கொடியை விலக்கிப் பார்த்தபோது, மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காக அளந்தபோது, அளவு தொடங்கும் இடத்தில் அவரே அடித்த அடையாள முளை தலை காட்டியது. அன்றைக்குப் பச்சை முடிந்த இடம். அதுவரை அளந்தால் இருபதுதான். மற்ற வீடுகளுக்குப் பின்னால் கொடி இன்னமும் அதே வரிசையில்தான் நின்றது. அக்கா வீட்டுக்குப் பின்னால் மட்டும் கடலைப் பார்த்து நாக்கை நீட்டியிருந்தது. மணலுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை ஈரம்.

கொடி வளர வளர அவள் நடையும் நீண்டிருக்கிறது. வெறும் கழிவுத் தண்ணீர் ஊற்றுகிறவள் எதற்கு அவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்?

சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு, தினமும் குழாய் போட்டுக் கொடியைக் கடல் பக்கம் வளர்க்கப் பார்த்த விடுதி முதலாளியின் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "ஊத்தினா நிஜமாவே வளருமா?" என்றாள். "தினம் ரெண்டு வாளி போதுமே" என்றார் பெருமையாக.

கூடத்தில் படிவத்தை விரித்தபோது மாமா ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "மச்சான், புது அறையில முதல்ல நீதான் படுக்கணும். இப்பவே உன் உயரத்தையும் அளந்து வெச்சுக்கோ."

அவர் சிரித்துவிட்டுக் கடைசிக் கேள்வியைப் படித்தார். "செடிகளுக்கு வீட்டார் தண்ணீர் விடுவதுண்டா?"

"நீதான் பாத்தியே, எழுதிக்கோ" என்றாள் அக்கா.

"வீட்டுக்காரங்க வாயால சொல்றதைத்தான் எழுதணும்."

"இல்லைன்னு சொன்னா?"

"அப்படியே எழுதுவேன். அறை வரும்."

இருபத்திரண்டு வருடத்தில், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காதால் கேட்டதை எழுதுவதாக அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அக்காவுக்கும் தெரியும்.

"ஆமான்னா?"

"வராது."

"ஒண்ணுமே சொல்லலேன்னா?"

"காலியா விட்டா ஆமான்னுதான் எடுத்துப்பாங்க."

மாமா காலை ஸ்டூலிலிருந்து இறக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கா குனிந்து காலைப் பிடித்து, பழையபடி நேராக வைத்துவிட்டாள்.

"தண்ணி ஊத்தறியா, அக்கா?"

காபி குடித்து வைத்த இரண்டு டம்ளரையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனாள். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.