கவுந்த பகியை யார் நிமிர்த்துறது?

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது டெல்லியில இருக்கிற துவாரகா, தலைக்கு மேல விமானம் இறங்கிக்கிட்டே இருக்கும், நான் சொல்றதுல பாதி அந்தச் சத்தத்தோட போயிரும். ரிமோட் பகி ஓட்டுறவன் பொழப்பு என்னன்னு கேட்டா, மைதானத்துல மண்ணு தின்னுட்டு வீட்டுல வந்து ஏச்சு தின்கிறதுதான். உங்கள்ல யாராவது இந்தக் கிறுக்குல மாட்டினவங்க இருந்தா, சாப்பாட்டு மேசையில கியர் பாக்ஸைப் பிரிச்சு வச்சு வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பீங்க. உங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பகின்னா பிள்ளைங்க அழுதா வாங்கித் தர்ற பொம்மைக் காரு இல்லை. முழங்கை நீளம் இருக்கும். பின்னால முள்ளு முள்ளா தடிச்ச டயரு, முன்னால ஒல்லி டயரு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண்ணெய் ஊத்தின ஷாக் அப்சார்பர், நடுவுல ஹெல்மெட் போட்ட டிரைவர் பொம்மை. எண்பதுகள்ல வந்த மாடலுங்க. பழைய சாமான் சந்தையில உடைஞ்சு கிடக்கிறதைப் பொறுக்கி எடுத்து உயிர் கொடுப்போம். அது கிடைக்கலைன்னா அதே சாயல்ல இப்ப பெட்டியில வர்ற பாகங்களை வாங்கிக் கோப்போம்.

அதை ஓட்ட மண்ணு வேணும். எங்க அபார்ட்மென்ட் சொசைட்டிக்குப் பின்னால, என்னைக்கோ ஹால் கட்டப்போறோம்னு சுத்துச் சுவரும் கேட்டும் வச்சு விட்ட வெத்து மைதானம் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அதுதான் எங்க மூணு பேரோட ராஜ்யம். அது எங்க கையை விட்டுப் போக இருந்துச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

எதிர்ல வர்ற வண்டி

ரிட்டையர் ஆகற வரைக்கும் நான் ஆபீசருங்களுக்குக் காரு ஓட்டினவன். குளிர்காலத்துப் பனிமூட்டத்துல, முன்னால போற லாரியோட சிவப்பு லைட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஜெய்ப்பூர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன். பின்னால தூங்கின ஆபீசர் கண்ணு முழிச்சது கிடையாது. மகன் வீட்டுக்கு வந்த புதுசுல மைதானத்துப் பக்கம் நடந்தேன். அங்க ஒரு பொம்பளை, ஐம்பதைத் தொட்ட வயசு, சல்வார் கமீஸுக்குக் கீழ ஆம்பளை ஷூ, கையில நீட்ட ஏரியல் வச்ச ரிமோட்டு. மண்ணுல ஒரு வண்டி பறக்குது. "ஏ மூதி, மெதுவாப் போ"ன்னு அந்தம்மா வண்டியை வையவும், திருநெல்வேலிப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேரு பாக்கியம். உத்தம் நகர்ல ஒரு லேபுல பல் செட்டு கட்டுற வேலை.

"நான் டிரைவர்தாம்மா"ன்னு பெருமையாச் சொல்லி ரிமோட்டை வாங்கினேன். வண்டி என்னை விட்டுத் தள்ளிப் போன வரைக்கும் ஒரு குறையும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்து வந்துச்சு பாருங்க, அங்கதான் மானம் போச்சு. போகும்போது நம்ம இடது அதுக்கும் இடது. எதிர்ல வரும்போது நம்ம இடது அதுக்கு வலது. நான் இந்தப் பக்கம் ஒடிக்க, அது அந்தப் பக்கம் போய்ச் சுவத்துல முட்டி நின்னுச்சு. திருப்பி விட்டா மறுபடியும் அதே சுவரு. பாக்கியம் சிரிக்கலை. கிட்ட வந்து சொல்லுச்சு: "வண்டியை நீங்க ஓட்டாதீய அண்ணாச்சி. உள்ள உக்காந்திருக்கான் பாருங்க, அந்தப் பொம்மை, அவன் ஓட்டட்டும். நீங்க அவன் தோள்மேல போய் உக்காந்துக்கிடுங்க."

உள்பக்கத்துப் பெயின்ட்

எங்க மூணாவது ஆளு ஹர்ப்ரீத். சர்தாரு, குர்கான்ல இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகம், வாரம் பூரா டை கட்டுற மனுஷன். பகிக்கு மேல்மூடி ஒண்ணு உண்டு, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்கு. ஹர்ப்ரீத் அதுக்கு வெளிப்பக்கமா நல்லா மினுமினுன்னு நீலம் அடிச்சுக் கொண்டுவந்தார். முதல் தடவை கவுந்ததுமே நீலம் பூரா மண்ணுல, மூடி சொறி பிடிச்ச மாதிரி ஆயிருச்சு.

அடுத்த வாரம் பாக்கியம் ஒரு மூடியை எடுத்துட்டு வந்துச்சு. உள்பக்கத்துல அடிச்சிருக்கு. அதுவும் தலைகீழ் வரிசையில. கடைசியா எழுத வேண்டிய நம்பரைத்தான் முதல்ல எழுதணும், அப்புறம் கோடு, அப்புறம் மஞ்சள், எல்லாத்துக்கும் பின்னால வெள்ளை. ஒண்ணு தப்பினாலும் திருத்த முடியாது, மேல மேல மூடிக்கிட்டே போகுதே! நாங்க பார்த்தப்போ வெளியில ஒரு மெல்லிசுத் தாள் ஒட்டி மங்கலாத்தான் கிடந்துச்சு. பாக்கியம் நகத்தால ஓரத்தைக் கிளப்பி அந்தத் தாளை ஒரே இழுப்பா உரிச்சுச்சு. அம்மாடி! ஈரம் காயாத மஞ்சள் மாதிரி ஒரு பளபளப்பு. ஹர்ப்ரீத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டி, பயந்து இழுத்துக்கிட்டார். "ஆன்ட்டி, அப்ப நான் இத்தனை நாள் அடிச்சதுக்குப் பேரு என்ன?"ன்னு இந்தியில கேட்டார். பாக்கியம் நிமிராமச் சொன்ன பதில்: "வெள்ளையடிப்பு, பேட்டா."

மேட்டுக்கு மேல

மைதானத்து நடுவுல நாங்களே மண்ணு குமிச்சு ஒரு மேடு வச்சிருக்கோம். என் வண்டி அதுல ஏறிப் பறந்தா மூக்கு குத்தி விழும். ஹர்ப்ரீத் வண்டி மல்லாக்க விழும். பாக்கியம் வண்டி மட்டும் நாலு சக்கரத்துலயும் ஒண்ணா வந்து உட்காரும், பூனை குதிச்ச மாதிரி. எப்படின்னு கேட்டேன். காத்துல இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அமுக்கினா மூக்கு தூக்குமாம், பிரேக்கு தட்டினா மூக்கு தாழுமாம். தரையே இல்லாத இடத்துல ஒருத்தி வண்டியைத் திருத்துறா! நான் ஓட்டின காருங்க தரையில இருக்கும்போதே பல நேரம் என் பேச்சைக் கேட்டதில்லை. கேட்டுல நின்ன காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துட்டுச் சொன்னாரு: "ஆன்ட்டி ஜி, அடுத்து இதுக்கு இறக்கை வச்சிருங்க, ஏர்போர்ட்டு பக்கத்துலதான்."

சிவப்பு ரிப்பன்

இனிமேதான் வில்லங்கம். எங்க வண்டிங்களுக்கு அந்தக் காலத்து ரேடியோதான். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு அலை, அந்த அலைக்கு ஒரு கலரு, ஏரியல் நுனியில அந்தக் கலருல ரிப்பன் கட்டியிருக்கும். ஒரே கலருல ரெண்டு ரிமோட்டு போட்டா, வண்டிக்கு யாரு பேச்சைக் கேட்கிறதுன்னு தெரியாது, வெறி பிடிச்சு ஓடும். அதனால சுவிட்சு போடுறதுக்கு முன்னாடி கலரைச் சத்தமாக் கேட்டுட்டுத்தான் போடணும். ஹர்ப்ரீத் அன்னைக்குப் புதுசா ஒரு பழைய ரிமோட்டு வாங்கிட்டு வந்த சந்தோஷத்துல, கேட்காமப் போட்டுட்டார். அதுவும் சிவப்பு. பாக்கியம் ரிமோட்டும் சிவப்பு.

கிளம்புச்சு பாருங்க பாக்கியத்தோட வண்டி! நேராப் போய் வேப்பமரத்து மூட்டுக்கு. அங்க பாய் விரிச்சு, கண்ணை மூடி, ஒரு மூக்கை அடைச்சு மூச்சுப் பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தது யாரு? சொசைட்டி செக்ரட்டரி திவாரி ஜி. மைதானத்துச் சாவி அவர்கிட்டதான். வண்டி மரத்து வேருல இடிச்சு, முன்கை ஒடிஞ்சு, பாய்மேல ஏறி, அவர் மடியில மூக்கை வச்சு நின்னுச்சு. பின்சக்கரம் சுத்தின சுத்துல மண்ணு பூரா அவர் தலையில. அடி ஒண்ணும் படலை. ஆனா நாளையிலருந்து கேட்டுக்குப் பூட்டுன்னு அங்கயே சொல்லிட்டாரு. மேட்டையாவது இடிச்சு நிரவிட்டுப் போறோம்னு ஹர்ப்ரீத் கெஞ்சினதுக்கு, ஒரே ஒரு ஞாயிறு கொடுத்தாரு. நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். திவாரி ஜி தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கிட்டே சொன்னதை அப்படியே சொல்றேன்: "பாயி சாப், கண்ணைத் திறந்தா மனசுல அமைதி வரணும். எனக்கு மடியில ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வர்றான்!"

ரோஸ் கலர் கை

வண்டியோட முன்கைன்னா, சக்கரத்தை உடம்போட சேர்த்துப் பிடிக்கிற எலும்பு மாதிரி. அந்த மாடலுக்கு அந்தப் பாகம் எங்க தேடியும் கிடைக்கலை. வாரக் கடைசியில பாக்கியத்தோட லேபுக்குப் போனேன். மேசை பூரா பிளாஸ்டர் தாடைங்க, என்னைப் பார்த்து வரிசையா இளிக்குது. நடுவுல நம்ம பகியோட முன்கை. பல் செட்டுக்கு ஈறு பிடிக்கிற அதே பொடியையும் திரவத்தையும் கலந்து, உடைஞ்ச கையை அச்சு எடுத்து, புதுக் கை வார்த்திருக்கு. ஈறு கலருதான், அசல் ரோஸ். பல்லைத் தேய்க்கிற சின்ன மெஷினால ஓரத்தைத் தேய்ச்சு, ஓட்டை போட்டு, ஆணி இறக்குச்சு. உள்ள போன ஆணிக்கும் ஓட்டைக்கும் நடுவுல முடி போகாது. நான் அந்த ரோஸ் கையை உள்ளங்கையில வச்சு ஒரு பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"ஒரே ஒரு ஞாயிறுதானம்மா, அதுக்கா இத்தனை பாடு?"ன்னு கேட்டுட்டேன். பாக்கியம் கண்ணாடியைக் கழட்டித் துப்பட்டாவுல துடைச்சுச்சு. "ஆறு நாளும் மூக்குக்கு முன்னால ஒரு தாடையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு கிடக்கேன் அண்ணாச்சி. தூரமா ஒண்ணைப் பாக்கணும்னா எனக்கு அந்த மைதானம்தான் இருக்கு."

மார்ஷல்

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு, உலகத்துல பகி ஓட்டுற எல்லாருக்கும் உள்ளதுதான். ஓட்டி முடிச்சவன் வீட்டுக்குப் போக முடியாது. திருப்பத்துல போய் நிக்கணும். அடுத்தவன் வண்டி கவுந்தா ஓடிப்போய் நிமிர்த்தி, மூக்கைப் போற திசைக்கு வச்சு விடணும். யாரு வண்டின்னு பார்க்கக் கூடாது, எதிராளி வண்டியா இருந்தாலும் நிமிர்த்தணும். அப்படி நிக்கிறவனுக்குப் பேருதான் மார்ஷல்.

கடைசி ஞாயிறு. திவாரி ஜி புதுப் பூட்டைக் கையில வச்சுக்கிட்டு கேட்டுப் பக்கத்துத் திருப்பத்துல வந்து நின்னுட்டாரு. நாங்க மேட்டை நிரவுறோமான்னு பார்க்க வந்தாராம். பாக்கியமும் ஹர்ப்ரீத்தும் வண்டி விட்டாங்க. நான் இந்தப் பக்கத்துல மார்ஷல். ரோஸ் கை வச்ச மஞ்சள் வண்டி ஒரு சுத்து சுத்தி, மேட்டுல பறந்து இறங்கி, கேட்டுப் பக்கம் போச்சு. போன வண்டி திவாரி ஜி காலுக்கு முன்னால படக்குன்னு கவுந்து மல்லாந்துச்சு. நான் பதறி ஓட ஒரு எட்டு வச்சேன். "அண்ணாச்சி, அசையாதீய"ன்னு பாக்கியம் பல்லுக்குள்ளயே சொல்லுச்சு. அப்புறம் மைதானம் அதிரக் கூப்பிட்டுச்சு: "மார்ஷல்!"

திவாரி ஜி சுத்தும் முத்தும் பார்த்தாரு. யாரும் இல்லை. கீழ பார்த்தாரு. நாலு சக்கரமும் ஆகாயத்தைப் பார்த்துச் சுத்துது, டிரைவர் பொம்மை தலை மண்ணுக்குள்ள. வானத்தைப் பார்த்தாரு. திரும்பக் கீழ பார்த்தாரு. இப்படிக் கிடக்கிறதைப் பார்த்துட்டுச் சும்மா நிக்க மனுஷப் பிறவியால முடியாது, அதை அன்னைக்குத்தான் கண்டேன். பூட்டைப் பைக்குள்ள போட்டுட்டுக் குனிஞ்சாரு. வண்டியைத் தூக்கி, பொம்மை மூஞ்சியில இருந்த மண்ணை ஊதிட்டு, மூக்கைச் சரியான பக்கம் வச்சு விட்டாரு. வண்டி அவர் கையிலிருந்து சீறிக்கிட்டுப் போன வேகத்துல மனுஷன் அப்படியே குனிஞ்சபடிக்கே நின்னுட்டாரு. அடுத்த சுத்துல ஹர்ப்ரீத் வண்டி நிஜமாவே கவுந்துச்சு, திவாரி ஜி ஓடினாரு. அதுக்கு அடுத்ததுல "அரே சர்தார் ஜி, திருப்பத்துல வேகத்தைக் குறைங்க!"ன்னு அதட்டவே ஆரம்பிச்சுட்டாரு. பேட்டரி தீர்ந்து நாங்க மம்பட்டியை எடுத்துக்கிட்டு மேட்டுப் பக்கம் நடந்தோம். பின்னாலருந்து குரல் வந்துச்சு: "மேட்டை ஏன் தொடுறீங்க? அடுத்த வாரம் இந்த மூலையில எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, நின்னு நின்னு கால் வலிக்குது."

கவுக்காம ஓட்டுறதுதான் வித்தைன்னு நினைச்சே என் காலம் போயிருச்சு. அடுத்த ஞாயிறு நாற்காலி போட்டு திவாரி ஜி சாஞ்சு உட்கார்ந்ததும், பாக்கியம் வண்டியைக் கொண்டுபோய், அவர் எழுந்திரிக்கவே வேண்டாம், கையை நீட்டினா எட்டுற மாதிரி கணக்காக் கவுத்துப்போட்டுச்சு.