தட்டிக்கு அந்தப் பக்கம்

காலை ஒன்பதேகாலுக்கு மகளின் டேப்லெட்டில் ஆங்கில வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அம்மை போட்டு வீட்டில் கிடக்கும் அவளுக்காக, வகுப்பிலிருந்தே தோழி நோட்ஸ் ஆப்பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அம்மை போட்டபோது நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்தோம். அடுத்த வாரம் ஆங்கிலப் பரீட்சை. சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு கஸ்தூரி, மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பாடம் வாசித்தாள். நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கும் வீட்டருகே எங்கள் லைனில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அவளும் கிசுகிசுத்தாள். பாதி எனக்குக் கேட்கவில்லை.

கம்பளிக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: "சத்தமா படி பாப்பா. எனுக்கே கேக்கல, அவனுக்கு இன்னா கேக்கும்?"

பொழுது சாயும்வரை கஸ்தூரி உரக்க வாசித்தாள். அன்றிரவும் அப்பாவுக்கு ஷிப்ட் இருந்தது.