ஓஸ்வால்டின் ஒன்பதாவது துர்க்கம்

மூன்றாம் தடவையாகப் பியானோவின் அதே கட்டையைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்க்கிறார் ஓஸ்வால்ட். பியானோ சொல்லிக்கொடுக்கும் டோரீன் டீச்சர், "போதும் ஓஸ்வால்ட், நல்லாத்தானே இருக்கு" என்கிறாள். "உங்களுக்கு இருக்கும் டீச்சர். எனக்கு இல்லியே" என்று மறுபடியும் கம்பி முறுக்கும் சாவியைத் திருகுகிறார்.

கண்டோன்மென்ட் வீடுகளில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு. நான் தச்சன், மூடியைக் கழற்றி மாட்டக் கூடப் போவேன். அல்சூரிலிருந்து எவ்வளவு தூரமானாலும் மனுஷனுக்கு நடைதான். ஜட்கா ஓட்டும் டொமினிக் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "ஏறு மேன், சும்மாதான் போறேன்" என்பான். "நீ போ, குதிரை பாவம்" என்பார். கோட்டுப் பையில் வறுகடலை எப்போதும் இருக்கும். ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. வழியும் யாரையும் கேட்டதில்லை. "காலு இருக்கறப்போ வாய் எதுக்கு?" என்பார்.

பெங்களூரைச் சுற்றி ஒன்பது கோட்டை மலைகள் உண்டு, நவதுர்க்கம் என்பார்கள். அவர், டொமினிக், பேக்கரி சில்வெஸ்டர், நான் என்று நாலு பேர், லீவு கிடைத்தபோதெல்லாம் ஏறி எட்டு முடித்திருந்தோம். உச்சிக்குப் போனதும் கோட்டைச் சுவரில் உள்ளங்கையை வைப்பார். அப்புறம்தான் தண்ணீர் குடிப்பார். அதுவரைக்கும் நாக்கு ஒட்டினாலும் சரி.

பாக்கி இருந்தது கப்பாளதுர்க்கம். போன மார்கழியில் அவருக்கு வலது முட்டி வீங்கிவிட்டது. டாக்டர், இந்த ஒரு மலையோடு நிறுத்திக்கொள், இல்லாவிட்டால் படியேறக்கூட ஆகாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கிளம்பினோம்.

சாத்தனூர் சத்திரத்தில் தங்கி, விடியுமுன் புறப்பட்டோம். பத்தடிக்கு மேல் தெரியாத பனி. "ஊருக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் மேன்" என்றான் டொமினிக். ஓஸ்வால்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னால் நடந்தார், ஏறினார். கடைசிப் பாறையில் முட்டியைக் கையால் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்தார்.

உச்சியில் சில்வெஸ்டர் தகர டப்பாவைத் திறந்தான். அவனே சுட்ட கேக். நடுவில் வெள்ளைச் சர்க்கரையில் பெரிதாக 9. "கொறை சொல்றவனுக்குத் துண்டு கெடையாது" என்றான்.

ஓஸ்வால்ட் கேக் பக்கமே வரவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரைக் காணோம். பனி விலகியதும் தெரிந்தது: எதிரே ஒரே பாறையாக இன்னொரு மலை, அதன் தலையில் கோட்டை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் டொமினிக் கன்னடத்தில் விசாரித்தான். "கப்பாளா? அகோ, அல்லி" என்று எதிரே கை காட்டினாள். அப்போ இது என்ன மலை என்றான். "இதக்கெ ஹெசரில்லா சாமி." பெயரே இல்லையாம்.



"யாருக்கு மேன் தெரியப்போவுது? இதுவும் ஒசரம்தானே. வெட்டு" என்றான் டொமினிக்.

"முட்டியைப் பாரு, பூசணிக்காயாட்டம் ஆயிடுச்சி" என்றான் சில்வெஸ்டர். "அங்க ஏறினா உன்னைத் தூக்கிட்டுத்தான் வரணும். பிரிஜெட்டுக்கு எவன் பதில் சொல்றது?" பிரிஜெட் அவர் சம்சாரம். அவளிடம் எங்கள் எல்லோருக்குமே பயம்.

நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசி.

ஓஸ்வால்ட் எதிர் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கேட்டிருக்கணும்" என்றார். "தப்பு என்னுது. நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?"

கத்தியை வாங்கி ஓரத்திலிருந்து கேக்கை வெட்டினார். ஆளுக்குப் பெரிய துண்டாகவே கொடுத்தார், ஆடு மேய்க்கும் அம்மாளுக்கும் ஒன்று. கடைசியில் 9 இருந்த நடுத்துண்டு மட்டும் டப்பாவில் தனியாக நின்றது. அதைச் சர்க்கரை உதிராமல் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, எதிர் மலைப் பக்கமாக இறங்க ஆரம்பித்தார்.