ஒன்றரை வருஷம் என் மகள்

ஐம்பதுகளின் நடுவில், ஆம்பூரில் நடந்தது இது. ரயில் ரோட்டை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்த ஒரு லைனில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குத் தோல் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதையே இரண்டு பேரும் நிறுத்தியிருந்தோம்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்பவர். அவர் மனைவிக்கு இருபது வயதுதான் இருக்கும். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறாவது மாதம் இருமல் வந்தது. அப்புறம் இருமலில் ரத்தம் வந்தது. டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஆந்திரா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், குழந்தையை உடனே பிரிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கிளம்புகிற அன்று அவள் குழந்தையைத் தொடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றாள். அவள் புருஷன்தான் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

"அக்கா, எங்களுக்கு வேற யாரும் இல்ல. பாத்துக்கோங்க. நல்லாயிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

"நல்லபடியா வாம்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஒன்றரை வருஷம் அந்தக் குழந்தை என்னிடம் வளர்ந்தது. முதல் பல், முதல் அடி எல்லாம் எங்கள் வீட்டில்தான். அதன் அப்பா தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டிருப்பார். அது என்னை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தபோது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "அக்கா, அம்மீன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. அவ வந்தா கூப்புடணும்."

சரி என்றேன். ஆனால் ஒரு நாள்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் பிழைத்து வந்துவிட்டாள். கன்னம் கொஞ்சம் சதை போட்டு, நிறம் வந்து, ஜட்காவிலிருந்து இறங்கியதும் நேராக எங்கள் வாசலுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை வீறிட்டு அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் கை அப்படியே நின்றது.

"பரவால்லக்கா. புது முகம்தானே. மெதுவா வரட்டும்" என்றாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வெளியே பாவமே என்று சொல்லிக்கொண்டு, உள்ளே அப்படி ஒரு சந்தோஷம்.

தினமும் காலையில் அவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். அங்கே போய்க் குழந்தை அழும். நடுவில் ஒரே சுவர்தான். அம்மா என்று குரல் கேட்டதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். என்னைப் பார்த்ததும் அழுகை நின்றுவிடும். உதவி செய்வதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே இருபது நாள் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் குழந்தை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தது. பசிக்கிறதோ என்று பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டேன். கடைசி வாய் ஊட்டும்போது அவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். குழந்தைக்கென்று நெய் விட்டுக் கிச்சடி செய்திருக்கிறாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. குழந்தையின் வாயைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் செத்துப் போயிருந்தா இவ ஒங்களுக்குத்தான். பொழச்சி வந்துட்டேனே, இன்னா பண்ணட்டும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் வழி கேட்பது போலக் கேட்டாள். அந்தக் கிண்ணம் அங்கேயே ஆறிப் போயிற்று.

என் கணவரின் முதலாளி அவரை வேலூர்க் கிடங்குக்குப் போகச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருந்தார். பெரிய வேலை. குழந்தையை விட்டு எப்படிப் போவது என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன்.

"ஏங்க, வேலூருக்குப் போய்டலாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா போவ மாட்டேன். நாளைக்கே சொல்லிடுங்க."

கிளம்புகிற நாள் மத்தியானம் குழந்தை அவள் வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே அவளிடம் சொன்னேன். "தூங்கும்போது காதைப் புடிச்சிக்கும். வலிக்கும், ஆனா கையை எடுத்துவிட்டுடாத. சாதம் நல்லாக் கொழைஞ்சாத்தான் எறங்கும். இடி இடிச்சா பயந்துக்கும், தூக்கிக்க." இன்னும் எவ்வளவோ சொல்ல இருந்தது. அவள் குனிந்து என் காலைத் தொட வந்தாள். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு ஜட்காவில் ஏறிவிட்டேன். குழந்தை எழுந்துவிடுமோ என்று பயம். எழுந்துவிடாதா என்றும் இருந்தது.

வேலூரில் முதல் சில மாதங்கள் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு தடவை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு நாள் குழந்தையின் அப்பா வேலை விஷயமாக வேலூர் வந்தவர் வீட்டுக்கும் வந்தார். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், அம்மாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்றார்.

"என்னைக் கேக்குதா தம்பி?"

"மொதல்ல ரொம்ப கேட்டுச்சிக்கா. தெனமும் ஒங்க வீட்டுக் கதவைத் தட்டும். இப்ப கேக்கறதில்ல."

உள்ளே போய்க் காபி போட்டேன். அடுப்புப் புகை நல்லதாகப் போயிற்று.

அடுத்த வருஷம் பெருநாளுக்கு மூன்று பேரும் வந்தார்கள். குழந்தைக்குப் பச்சைப் பாவாடை, கை நிறைய வளையல். அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் இல்லை.

"காலாவுக்கு சலாம் சொல்லு" என்றாள் அம்மா. அம்மாவின் அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குழந்தை சின்னக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்குச் சலாம் வைத்தது. தூக்கிக்கொள்ள என் கை பரபரத்தது. தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விளையாடும்போது குழந்தைக்குக் கால் தடுக்கியது. "அம்மீ!" என்று கத்திக்கொண்டு அவளிடம் ஓடியது. அவள் தூக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அது பொய்ச் சிரிப்பு இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. செய்தது சரிதானா என்று ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. சரியானதைச் செய்துவிட்டால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்றுதான் அன்று ஜட்காவில் ஏறும்போது நினைத்தேன். அது தீரவில்லை, தீர வேண்டும் என்று இப்போது நான் கேட்பதும் இல்லை.